ஒளி ஆல்ஃபரும் இருள் ஆல்ஃபரும்: வடபுலத் தொன்மத்தில் ஒரு பிரிவின் வரலாறு

முன்னுரை

கிரேக்க, உரோமத் தொன்மங்களை நம் மாணவர் ஆங்கில இலக்கியம் பயிலும்போது ஓரளவு அறிந்துகொள்கின்றனர். ஆயின், ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த நார்வே, சுவீடன், டென்மார்க்கு, ஐஸ்லாந்து மக்களின் தொன்மங்கள் நம்மிடையே அத்துணை அறிமுகம் பெறவில்லை. ஆங்கில வாரநாட்களுள் செவ்வாய் முதல் வெள்ளி வரையுள்ள நான்கின் பெயர்களும் இத்தொன்மத் தெய்வங்களின் ஆங்கில வடிவங்களைத் தாங்கியவையே. நாள்தோறும் நாவில் வழங்கும் பெயர்களின் பின்னணியை அறிந்துகொள்வது பயனுடையது.

அத்தொன்மங்களில் தெய்வங்களுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் இனம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ‘எல்ஃப்’ என்பர். பழைய நார்சு மொழியில் ஒருமை ‘ஆல்ஃப்ர்’, பன்மை ‘ஆல்ஃபர்’. இதனைக் குறளி என்றோ குட்டிச்சாத்தான் என்றோ தமிழாக்கினால் பொருள் பிறழும். பழம்பாடல்களில் இவர் தெய்வங்களோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் பெருமையுடையவர். குறும்பு செய்யும் சிற்றுருவினர் அல்லர். ஆதலின், ஆல்ஃபர் என்ற சொல்லையே ஈண்டு ஆள்கின்றேன்.

இவருள் ஒளி ஆல்ஃபர், இருள் ஆல்ஃபர் என இரு பிரிவினர் உண்டென்று தொன்மக் கையேடுகள் பலவும் கூறுகின்றன. இப்பிரிவு வடபுல மக்களின் பழைய நம்பிக்கைதானா? அன்றிப் பிற்காலத்தில் புகுந்ததா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று நூல்கள்

வடபுலத் தொன்மத்திற்குத் தலையாய சான்றுகள் இரண்டு. இரண்டும் ‘எட்டா’ என்னும் பெயருடையன. இரண்டும் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டவை.

ஒன்று, பாடல் எட்டா. பெயர் தெரியாப் புலவர் பலர் இயற்றிய பழம்பாடல்களின் தொகுப்பு இது. இதன் தலைமைச் சுவடி ஏறத்தாழ 1270ஆம் ஆண்டளவில் தோலில் எழுதப்பெற்றது. 1643இல் பிரின்யோல்ஃபூர் ஸ்வெயின்சன் என்னும் ஆயரின் கைக்குக் கிட்டி, பின்னர் டென்மார்க்கு மன்னருக்குக் காணிக்கையாகச் சென்றது. எஞ்சியுள்ள ஏடுகள் 45. முந்நூறு ஆண்டுகள் கோபன்ஹேகனில் இருந்த அச்சுவடி 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கப்பல் வழியே தாயகம் திரும்பியபோது, ஐஸ்லாந்து மக்கள் துறைமுகத்தில் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர். ஒரு சுவடிக்கு ஒரு நாடே எதிர்கொண்டு நின்ற நிகழ்ச்சி அது.

மற்றொன்று, உரைநடை எட்டா. இதனை ஏறத்தாழ 1220இல் எழுதியவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் (1179–1241). இவர் கவிஞர், வரலாற்றாசிரியர், ஐஸ்லாந்துப் பேரவையில் இருமுறை சட்டம் உரைப்போர் பதவி வகித்தவர். அரசியற் பகையால் தம் இல்லத்திலேயே கொலையுண்டார். பழங்கவிதைகளில் பயிலும் தொன்மக் குறிப்புகளை இளங்கவிஞர் அறியாது தடுமாறுவதைக் கண்டு, அவர்க்குப் பாடநூலாகவே இதனை ஆக்கினார்.

ஒரு செய்தியை ஈண்டு மனத்திற் கொள்ளவேண்டும். ஐஸ்லாந்து கிறித்துவ சமயத்தைத் தழுவியது கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி. எனவே, ஸ்நோரி எழுதும்போது பழைய சமயம் வழக்கிழந்து இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அவர் கிறித்துவர், முன்னோர் நம்பிக்கையை அன்போடு தொகுத்தவர், ஆயின் அந்நம்பிக்கையில் வாழ்ந்தவர் அல்லர்.

ஸ்நோரி கூறுவது

உரைநடை எட்டாவின் முதற்பகுதி வினா விடையாக அமைந்தது. கில்ஃபி என்னும் மன்னன் மாற்றுருவில் சென்று, உயர்ந்தோன், ஒத்துயர்ந்தோன், மூன்றாமவன் என்னும் மூவரிடம் உலகின் தோற்றம் பற்றி வினவுகிறான். விண்ணகத்தின் சிறந்த இடங்கள் யாவை என்று கேட்குமிடத்தில், ஆல்ஃப்ஹெய்ம் என்றோர் உலகுண்டு எனவும், அங்கு ஒளி ஆல்ஃபர் வாழ்கின்றனர் எனவும் விடை வருகிறது. இருள் ஆல்ஃபரோ மண்ணின் கீழ் வாழ்வர். தோற்றத்தில் வேறுபட்டவர், இயல்பில் அதனினும் மிக வேறுபட்டவர். முன்னவர் கதிரவனினும் அழகியர். பின்னவர் கீலினும் கரியர். அவ்வியலின் இறுதியில், விண்ணுக்கு மேல் இன்னொரு விண்ணும் அதன் மேல் மூன்றாவது விண்ணும் உள எனவும், அவ்விடங்களில் இப்போது ஒளி ஆல்ஃபர் மட்டுமே வாழ்வதாகக் கருதுகிறோம் எனவும் கூறப்படுகிறது.

இருவகை ஆல்ஃபரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடிச் செய்தி இவ்வளவே. இருள் ஆல்ஃபர் தீயவர் என்று ஸ்நோரி வெளிப்படையாகக் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது. இயல்பில் வேறுபட்டவர் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்; தீமை என்பது படிப்பவர் சேர்த்துக்கொண்ட பொருள்.

கரு ஆல்ஃபரும் குள்ளரும்

சிக்கல் இத்துடன் முடியவில்லை. ஸ்நோரி வேறிடங்களில் ‘கரு ஆல்ஃபர்’ என்ற மூன்றாவது பெயரையும் ஆள்கிறார். ஃபென்ரிர் என்னும் கொடிய ஓநாயைப் பிணிக்கத் தளை ஒன்று தேவைப்பட்டது. தலைமைத் தெய்வமான ஓடின், கரு ஆல்ஃபர் உலகிற்குத் தூதனை அனுப்பி, அங்குள்ள குள்ளரைக் கொண்டு அதனைச் செய்வித்தார். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் உமிழ்நீர் ஆகிய ஆறும் கூடிப் பட்டிழைபோல் மென்மையாய் அமைந்ததாம் அத்தளை. பின்னோரிடத்தில், லோகி என்னும் குறும்பன் சிஃப் என்னும் பெண்தெய்வத்தின் கூந்தலை அறுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பொற்கூந்தல் பெறக் கரு ஆல்ஃபரிடம் செல்கிறான். அதனைச் செய்துகொடுப்போரும் குள்ளரே. ஓடினின் ஈட்டியும், மடித்துப் பையில் வைக்கத்தக்க கப்பலும் அவர்கள் பட்டறையில் ஆனவையே.

கரு ஆல்ஃபர் உலகிற்குச் சென்றால் அங்கு எதிர்ப்படுவோர் குள்ளர். அவரும் மண்ணுக்குள் வாழ்வோர். இருள் ஆல்ஃபரும் மண்ணுக்குள் வாழ்வோர். ஆகவே, இருள் ஆல்ஃபர், கரு ஆல்ஃபர், குள்ளர் என்னும் மூன்று பெயர்களும் ஓரினத்தையே குறித்தன என்பது பல அறிஞர் முடிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் யாக்கோபு கிரிம் இதற்கு மாறாக, வெண்மை, மங்கல், கருமை என மூவகை ஆல்ஃபர் தொன்றுதொட்டே இருந்தனர் என்று கருதினார். அதற்கு அவர் காட்டிய துணை, பிற்கால நாட்டுப்புறக் கதைகளே.

பழம்பாடல்கள் கூறுவது

இனிப் பாடல் எட்டாவை நோக்குவோம். அத்தலைமைச் சுவடியின் பாடல்களில் ஒளி ஆல்ஃபர் என்ற சொல்லும் இல்லை. இருள் ஆல்ஃபர் என்ற சொல்லும் இல்லை. கரு ஆல்ஃபரும் இல்லை. உள்ளவர் ஆல்ஃபர் மட்டுமே. இருள் ஆல்ஃபரைக் குறிக்கும் பாடல் ஒன்று எட்டாப் பாடல்களோடு சேர்த்து அச்சிடப்படுவதுண்டு. ‘ஓடினின் காக்கை மந்திரம்’ எனப் பொருள்படும் பெயருடைய அப்பாடல் ஸ்நோரிக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. எனவே அது பழமைக்குச் சான்றாகாது.

பாடல் எட்டாவில், தெய்வ இனமாகிய ஏசிரும் ஆல்ஃபரும் ஓர் இணைத்தொடராக மீண்டும் மீண்டும் வருகின்றனர். ஆல்ஃப்ஹெய்ம் என்னும் உலகம், ஃப்ரேயர் என்னும் தெய்வத்திற்குப் பல் முளைத்தபோது அளிக்கப்பட்ட பரிசு என்கிறது ஒரு பாடல். அந்த ஃப்ரேயரோ மழைக்கும் வெயிலுக்கும் விளைச்சலுக்கும் உரியவர். கதிரவனைக் குறிக்கும் பழம்பெயர்களுள் ஒன்று ‘ஆல்ஃப்ரொடுல்’ என்பது. ஆல்ஃபரின் ஒளி என்பது அதன் பொருள். இவற்றால், ஆல்ஃபருக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு ஸ்நோரியினும் பழமையானது என்பது புலனாகும்.

குள்ளரும் ஆல்ஃபரும் வேறுவேறு இனத்தவர் என்பதற்கும் பாடற் சான்றுண்டு. ஆல்விஸ் என்னும் குள்ளன், இடித்தெய்வமாகிய தோரின் மகளை மணக்க வருகிறான். தோர் அவனிடம் நிலம், வானம், திங்கள், கதிரவன் முதலியவற்றுக்கு உலகுதோறும் வழங்கும் பெயர்களைக் கேட்கிறார். மாந்தர், தெய்வங்கள், அரக்கர், ஆல்ஃபர், குள்ளர் எனத் தனித்தனியே பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறான் அவன். தன் கல்விப் பெருமையில் பொழுதை மறந்தவன்மேல் விடியற்கதிர் பட, கதை முடிகிறது. ஈண்டு நமக்கு வேண்டுவது, ஆல்ஃபர் வேறு, குள்ளர் வேறு என்று பாடல் பிரித்தெண்ணுவதே.

ஆயினும், எல்லைக்கோடு முற்றத் தெளிவானதன்று. உலகின் தோற்றத்தையும் முடிவையும் கூறும் ‘வோலுஸ்பா’ என்னும் பாடலில் குள்ளர் பெயர்ப்பட்டியல் ஒன்றுண்டு. அதில் காண்டால்ஃப்ர், விண்டால்ஃப்ர் போன்ற பெயர்கள் உள்ளன; ஆல்ஃப்ர் என்ற சொல் அவற்றுள் வெளிப்படையாகவே நிற்கிறது. வோலுண்டு என்னும் மாபெரும் கொல்லனை ஆல்ஃபர் தலைவன் என்கிறது மற்றொரு பாடல். கொல்லுத்தொழில் குள்ளர்க்கு உரியதாயிற்றே! எனவே, இரண்டு இனமும் தம்முள் மயங்கும் நிலை பாடற் காலத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

பிறப்பைப் பற்றிய மௌனம்

ஆல்ஃபர் எவ்வாறு தோன்றினர்? வடபுலத் தொன்மம் ஏனைய இனங்களுக்கெல்லாம் பிறப்புக் கதை வைத்துள்ளது. பனியும் நெருப்பும் சந்தித்த இடத்தில் உருகிய துளிகளிலிருந்து இமிர் என்னும் ஆதி அரக்கன் தோன்றினான். அவன் வியர்வையிலிருந்து அரக்கர் குலம் பிறந்தது. ஔடும்லா என்னும் பசு உப்புப் பனிக்கட்டியை நக்க நக்க, தெய்வங்களின் மூதாதை வெளிப்பட்டான். கடற்கரையில் கிடந்த இரு மரங்களிலிருந்து முதல் ஆணும் முதல் பெண்ணும் ஆக்கப்பட்டனர். கொல்லப்பட்ட இமிரின் உடலில் நெளிந்த புழுக்களே தெய்வங்களின் ஆணையால் மனித அறிவும் வடிவும் பெற்றுக் குள்ளராயின.

இவ்வளவு கூறும் நூல்களில் ஆல்ஃபரின் பிறப்புப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் தோன்றியதாகக் கூறப்படவில்லை, இருப்பவராகவே அறிமுகமாகின்றனர். குள்ளரின் புழுக்கதையை இருள் ஆல்ஃபர்க்கு ஏற்றி உரைப்பாரும், அதனையே நீட்டி ஒளி ஆல்ஃபரும் அப்புழுக்களிலிருந்தே வந்தனர் என்பாரும் உளர். பின்னது மூலநூலில் இல்லாத கூற்று. இம்மௌனத்தை மௌனமாகவே ஏற்றுக்கொள்வதுதான் முறை என்பது என் துணிபு.

சொல்லின் வேர்

கதை மௌனமாக இருக்குமிடத்தில் சொல் பேசுவதுண்டு. ஆல்ஃப்ர் என்னும் நார்சுச் சொல்லும், பழைய ஆங்கிலத்தின் ‘அல்ஃப்’ என்பதும், பழைய செருமனின் ‘அல்ப்’ என்பதும் ஒருவேர்ச் சொற்கள். இவற்றை இலத்தீனில் வெண்மையைக் குறிக்கும் ‘அல்புஸ்’ என்பதோடு இணைப்பர். இம்முடிபு சரியாயின், ஆல்ஃபர் என்றாலே வெண்ணிறத்தார், ஒளிர்வோர் என்று பொருள்படும். பழைய ஆங்கிலப் பாடல்கள் சாரா, யூதித்து ஆகிய விவிலியப் பெண்டிரை ஆல்ஃபர் போன்ற அழகியர் எனப் போற்றுகின்றன. புகழ்பெற்ற ஆல்ஃபிரடு மன்னரின் பெயருக்கும் ஆல்ஃபரின் அறிவுரை என்பதே பொருள்.

அடல்பெர்ட்டு கூன் என்னும் செருமானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லை இருக்கு வேதத்தின் ரிபுக்களோடு இணைத்தார். ரிபுக்கள் தேவர்க்குத் தேரும் கிண்ணமும் செய்துதந்த கைவினைச் சகோதரர் ஆதலின், இவ்வொப்புமை கவர்ச்சியானதே. எனினும் ஒலியியல் தடைகள் இருப்பதால், மொழிநூலார் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

வெண்மை என்னும் வேரை ஏற்றுக்கொண்டால் ஒரு வியப்பு விளையும். ஒளி ஆல்ஃபர் என்பது கூறியது கூறலாகவும், கரு ஆல்ஃபர் என்பது முரண்தொடராகவும் முடியும். இப்பிரிவு தொடக்கத்திலேயே இருந்திராது என்பதற்கு இச்சொல்லே ஒரு குறிப்புத் தருகிறது.

வழிபாட்டில் ஆல்ஃபர்

ஆல்ஃபர் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர், வழிபடப்பெற்றவர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிக்வாட்டர் என்னும் அரசவைக் கவிஞர் சுவீடன் பகுதியில் பயணம் செய்தபோது, ஒரு பண்ணை வீட்டில் தங்க இடம் கேட்டார். வீட்டில் ஆல்ஃபர்க்குப் பலி நடைபெறுகிறது, உள்ளே வரலாகாது என்று வாயிலிலேயே மறுத்துவிட்டாள் அவ்வீட்டுப் பெண். கோர்மாக்கின் கதையில், புண்பட்ட ஒருவனுக்கு மருத்துவம் கூறும்போது, ஆல்ஃபர் வாழும் மேட்டில் காளையின் குருதியைப் பூசி, இறைச்சியை அவர்க்கு விருந்தாகப் படைக்கச் சொல்கின்றனர். கெய்ர்ஸ்டாடில் அடக்கமான ஓலாஃப் என்னும் மன்னருக்கு, கெய்ர்ஸ்டாடின் ஆல்ஃபர் என்ற அடைப்பெயர் வழங்கியது.

இச்செய்திகளில் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. மண்மேட்டில், அடக்கத் தலத்தில் உறைவோராகவும் ஆல்ஃபர் கருதப்பட்டனர் என்பது ஒன்று. அவ்வாறு மண்ணோடு தொடர்புடையவராயினும் அவர் நோய் தீர்ப்போராக, வணங்கத்தக்கோராகவே இருந்தனர் என்பது மற்றொன்று. கதிரவனின் ஒளியும் மண்ணின் ஆழமும் ஒரே இனத்திற்கு ஒருங்கே உரியனவாக இருந்தன. அவற்றை இரண்டாக வெட்டும் தேவை பழைய வழிபாட்டாளர்க்கு எழவில்லை.

பிரிவு எவ்வாறு எழுந்தது?

அங்ஙனமாயின் ஸ்நோரி கூறும் பிரிவு எங்கிருந்து வந்தது? நார்வே நாட்டு அறிஞர் அன்னே ஹோல்ட்ஸ்மார்க்கு 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்நோரியின் தொன்ம விளக்கத்தில் கிறித்துவக் கல்வியின் செல்வாக்கை விரிவாக எடுத்துக்காட்டினார். விண்ணில் ஒளிமிக்க வானதூதர், கீழே வீழ்ந்த கரிய பேய்கள் என்னும் இருபாற் பிரிவு அக்காலக் கிறித்துவக் கல்வியில் அனைவரும் அறிந்தது. விண்ணுக்கு மேல் விண் என மூன்றடுக்கு வகுப்பதும் அக்கல்வியில் பயின்றதே. ஸ்நோரி ஒளி ஆல்ஃபரை மேலடுக்கு விண்ணில் குடியேற்றுவது இதனோடு பொருந்துகிறது.

இதற்குத் துணையாக நான் காட்ட விரும்புவது ஒரு சிறு சொல்லாட்சி. கதிரவனினும் அழகியது என்னும் ஒப்பு வோலுஸ்பாவில் இடம்பெறுகிறது. அங்கு அது உலக அழிவுக்குப் பின் நல்லோர் வாழும் மாளிகையைக் குறிக்கும். ஸ்நோரி அம்மாளிகையை விளக்கும் அதே இயலில்தான் ஒளி ஆல்ஃபரும் கதிரவனினும் அழகியர் எனப்படுகின்றனர். மாளிகையின் அடை அருகிலிருந்தோர்க்கும் பொருந்திவிட்டது போலும்.

ஸ்நோரி பார்த்த பாடல்கள் பல இன்று மறைந்துவிட்டன. அவற்றுள் இப்பிரிவு இருந்திருக்கலாகாதா என்று வினவலாம். இது நேர்மையான தடை. ஆனால், பழம்பாடல் தம் கையில் உள்ளபோது அதனை மேற்கோள் காட்டுவது ஸ்நோரியின் வழக்கம். அந்த இயலிலேயே மாளிகைக்கு மேற்கோள் காட்டுகிறார். ஆல்ஃபரின் பிரிவுக்குக் காட்டவில்லை. மறைந்த பாடலை நம்புவதினும் இருக்கும் மௌனத்தை மதிப்பதே ஆய்வு நெறி.

ஆகவே, வளர்ச்சி பின்வருமாறு நிகழ்ந்திருக்கும் என்பது என் கருத்து. முதலில் ஆல்ஃபர் ஓரினம். ஒளியோடும் விளைச்சலோடும் தொடர்புடையவர். மண்ணுக்குள் வாழும் கொல்லராகிய குள்ளர் வேறினம். மாயத்திறன் இருவர்க்கும் பொதுவாதலால் பெயர்கள் கலந்தன. குள்ளர்க்குக் கரு ஆல்ஃபர் என்னும் பெயர் எழுந்தது. கரு என்ற அடை ஒருபால் வந்ததும், மறுபாலுக்கும் ஓர் அடை வேண்டியதாயிற்று. வகைப்படுத்தும் அறிவு மிக்க ஸ்நோரி, தாம் கற்ற சமய நூல்களின் சாயலில் அவ்விருபாலையும் மேல், கீழ் என ஒழுங்குபடுத்தினார். சுருங்கக் கூறின், ஒளி பழையது, இருள் பிந்தியது.

பிற்காலப் போக்கு

சமயமாற்றம் எல்லா இடத்தும் ஒரே வகையில் ஆல்ஃபரை நடத்தவில்லை. பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபு, அவரைக் காயீனின் வழித்தோன்றல்களாக அரக்கரோடு சேர்த்துவிட்டது. ஐஸ்லாந்தின் நாட்டுப்புறக் கதையோ பரிவு காட்டியது. ஏவாளைக் காண இறைவன் வந்தபோது, அவள் குளிப்பாட்டி முடிக்காத பிள்ளைகளை மறைத்துவைத்தாளாம். என்னிடமிருந்து மறைக்கப்பட்டோர் மாந்தர் கண்ணுக்கும் மறைந்தே இருக்கட்டும் என்றார் இறைவன். அவர் வழிவந்தோரே மறைந்த மக்கள். பழந்தொன்மம் கூறாது விட்ட பிறப்புக் கதையை மக்கள் தாமே படைத்துக்கொண்டனர்.

ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் குள்ளர் பட்டியலிலிருந்து காண்டால்ஃப் என்னும் பெயரை எடுத்து, 1937இல் வெளியான தம் ‘ஹாபிட்’ கதையில் மந்திரக்காரருக்குச் சூட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில், ஒளி, இருள் என்ற பிரிவு நிறத்தைக் குறிக்கவில்லை. மேலைநாட்டு இரு மரங்களின் ஒளியைக் கண்டவர் ஒளியினர், காணாதவர் இருளினர். ஸ்நோரி விட்டுச்சென்ற சிக்கலுக்கு ஒரு மொழியறிஞர் கண்ட நயமிகு விடை இது. திரைப்படங்கள் இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. 2013இல் வெளியான தோர் படத்தில் இருள் எல்ஃபுகள் உலகை அழிக்க வரும் பகைவராகவே காட்டப்பட்டனர்.

முடிவுரை

இருள் ஆல்ஃபரைப் பற்றி மூலநூலில் உள்ளவை சில வரிகளே. அவ்வரிகளின்மேல் கையேடுகளும் கதைகளும் திரைப்படங்களும் ஒரு பேருலகைக் கட்டிவிட்டன. ஒன்பது உலகங்கள் உண்டு என்று பழம்பாடல்கள் கூறும். ஆனால் அவற்றை எண்ணிப் பட்டியல் தருவதில்லை. கரு ஆல்ஃபர் உலகையும் சேர்த்து இன்று அச்சாகும் பட்டியல்கள் பிற்காலத்தார் தொகுத்தவையே. பலமுறை அச்சானதாலேயே ஒரு செய்தி பழமை பெற்றுவிடாது.

ஸ்நோரியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் எழுதியிராவிடில், ஆல்ஃபரின் பெயரைத் தவிரப் பெரும்பகுதி நமக்குக் கிட்டியிராது. ஆனால், பாதுகாத்தவர் கையின் தடமும் பாதுகாக்கப்பட்ட பொருளில் பதிந்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. வெண்மையை நன்மைக்கும் கருமையைத் தீமைக்கும் ஈடாக்கும் பழக்கம் எல்லா மக்களுக்கும் இயற்கையாக அமைந்தது என்று எண்ணுவோர், ஆல்ஃபரின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் வேண்டும். மண்மேட்டின் கீழ் உறைந்த ஆல்ஃபரையும் வணங்கி, அவரிடம் புண் ஆற வேண்டி நின்றனர் அம்மக்கள்.

எத்தொன்மத்தைப் பயின்றாலும், இதனை எழுதியவர் யார், எந்நூற்றாண்டினர், எதற்காக எழுதினார், அவர்க்கு முற்பட்ட சான்று உண்டா என்னும் நான்கு வினாக்களை மாணவர் கேட்டுப் பழகுவாராக. அவ்வினாக்களால் கதையின் சுவை குன்றாது. கதைக்குள் மறைந்திருக்கும் மக்களின் வரலாறும் சேர்ந்து நம் கண்ணுக்குப் புலனாகும்.